பெயர் கேட்காத தொட்டி

கவரைப்பேட்டை தாண்டியதும் வண்டி நின்றது. தண்டவாளத்தில் எருமை என்றார் ஒருவர். என்ஜினுக்குத் தண்ணீர் இல்லை என்றார் இன்னொருவர். முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்து, இறங்கி நடந்துபோய் விசாரித்தேன். கைகாட்டி இறங்கவில்லை, அவ்வளவுதான் என்றார் கார்டு. திரும்பி வந்து பெட்டியில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எல்லோருக்கும் எருமைதான் பிடித்திருந்தது.

எதிர்ப் பலகையில் பழவேற்காட்டுத் துணி வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, மடியில் போர்வை சுற்றிய ஒரு பெட்டி. தையல் மெஷினா என்று கேட்டேன்.

"ஆமா சார். காத்த தைக்கிற மெஷினு" என்று போர்வையின் ஓரத்தை விலக்கிக் காட்டினார். ஆர்மோனியம். அவரை ரஹீம் பாய் என்று இங்கே அழைக்கிறேன். அது அவருடைய பெயர் அல்ல.

என் வேலை எல்லைத் தகராறு. ஆந்திரம் பிரிந்துபோன பிறகு, எந்த ஊர் யாருக்கு என்ற சண்டை ஓயாமல் இருந்த காலம் அது. வடக்கே மூன்று நாள் சுற்றி, மக்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று எழுதும்படி பத்திரிகை அனுப்பியிருந்தது. தென்காசிக்காரனான எனக்கு, சென்னைக்கு வடக்கே மனிதர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்றுகூட அதற்கு முன் தெரியாது.

அது வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன. எங்கள் பக்கத்துக் குழம்பில் காரம் மெதுவாக வந்து சேரும். இங்கே வாசலிலேயே நின்று வரவேற்றது. கண்ணில் நீர் வந்ததைப் பார்த்த கடைக்காரர், "அழுவாத நைனா, மோர் கீது" என்றார்.

வெள்ளிக்கிழமை எளாவூரில் ஒரு டீக்கடைக்காரரிடம் வீட்டில் என்ன மொழி என்று கேட்டேன்.

"பொண்டாட்டியாண்ட தமிழு. மாமியாராண்ட தெலுங்கு."

"சண்டை வந்தால்?"

"ரெண்டும் பத்தாது சார்."

ஆரம்பாக்கம் போன மாட்டுவண்டியின் அச்சாணி கழன்று, நானும் இரண்டு மூட்டைப் புளிச்சக்கீரையும் ஒரே சமயத்தில் கீழே விழுந்தோம். வண்டிக்காரர் கீரையைத்தான் முதலில் தூக்கினார். அந்த இடம் தமிழ்நாட்டில் சேருமா, ஆந்திரத்தில் சேருமா என்று அவரிடம் கேட்டேன். மண்ணைத் தட்டிக்கொண்டே, "நீ எந்தப் பக்கம் வுழுந்தியோ அந்தப் பக்கம்" என்றார். இதையெல்லாம் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

சனிக்கிழமை மாலை, சென்னைக்குத் திரும்பப் புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பஸ் வந்தது. நிற்காமல், இரண்டு பேர் படியில் தொங்க, என் மேல் புழுதி அடித்துவிட்டுப் போனது. அடுத்தது காலையில்தான் என்றார் வெற்றிலைக் கடைக்காரர். அப்போதுதான் எதிர்ப்புறத்தில் ஆர்மோனியப் பெட்டியோடு ரஹீம் பாய் நிற்பதைப் பார்த்தேன்.

"உட்டுட்டுப் போயிட்டானா? பேஜாருதான்" என்றார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்து யோசித்தார். "ஒரு எடம் கீது. வர்றீங்களா? ஆனா ரெண்ட மேலயே உட்டுடணும். ஒண்ணு செருப்பு, இன்னொண்ணு பேரு."

பிற்பாடு நான் எழுதிப் பாராட்டு வாங்கிய இடம் அது. இப்போது அது இல்லை. இல்லாததால்தான் ஊர்ப் பெயரோடு எழுதுகிறேன்.

சாலையிலிருந்து வயல் வழியாகக் கால் மணி நடை. மூடிக் கிடந்த பழைய புழுங்கலரிசி மில். நெல்லை அவிப்பதற்கு முன் ஊறப்போடும் சிமெண்ட் தொட்டிகள் பின்கட்டில், தரைக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக இருந்தன. நான்கு தொட்டிகளின் நடுச்சுவர்களை இடித்து ஒன்றாக்கியிருந்தார்கள். மூங்கில் ஏணி ஒன்று இறங்கியது. மேலே முப்பது நாற்பது ஜோடி செருப்பு. கீழே இரண்டு அரிக்கேன் விளக்கு, புளித்த நெல்லின் வாசனை, சுவரோரம் சாய்ந்திருந்த மனிதர்கள். மேலே நின்றபோது எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஏணியில் நான்காவது படி இறங்கியதும் பறையின் அடி நெஞ்சில் விழுந்தது.

கூட்டம் கூட்டி மேளம் அடிக்கப் போலீஸில் அனுமதி வேண்டும். மதுவிலக்கு வந்த பிறகு, இருட்டில் பத்துப் பேர் சேர்ந்தால் சாராயம் என்றே அர்த்தம். அங்கே ஒரு வாளியில் கறுப்புத் தேநீர் மட்டுமே இருந்தது. நான் மோந்துகூடப் பார்த்தேன். ஆனால் அவர்கள் மண்ணுக்குள் இறங்கியதற்குப் போலீஸ் மட்டும் காரணம் இல்லை.

பறை அடித்தவர் அந்த மில்லின் காவல்காரர். அவருக்கு எதிரில் நாதஸ்வரத்தோடு உட்கார்ந்திருந்தவர் ஒரு கோயிலில் வாசிப்பவர். எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. பாய் என் காதருகே விளக்கினார்: "ஊருக்குள்ள பறை அடிச்சா சாவு. நாயனம் ஊதுனா கல்யாணம். ரெண்டும் சேந்து சத்தம் வந்தா அருவா. அதான் இங்க."

நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை இழுத்து நிறுத்துவார். பறை அதைக் கிண்டல் செய்வது போல உடைத்துப் போடும். உடைந்த துண்டுகளை ஆர்மோனியம் பொறுக்கிச் சேர்க்கும். உப்பளத்து ஆட்கள் வெடித்த பாதங்களோடு எழுந்து ஆடினார்கள். கல்கத்தா ரோட்டு லாரி டிரைவர் ஒருவர், ஸ்டியரிங் பிடித்தபடியே கியர் மாற்றி மாற்றி ஒரு ஆட்டம் ஆடினார். "த்தா, பிரேக்க புடிடா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, தொட்டி முழுவதும் சிரித்தது. சென்னை சபாக்களில் நான் நூறு கச்சேரி கேட்டு எழுதியிருக்கிறேன். கேட்பவர்களும் வாசிப்பவர்களும் ஒரே தரையில் வேர்த்துக் கொட்டுவதை அதற்கு முன் பார்த்ததில்லை.

யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. "ஏ நாயனம்", "ஏ உப்பு", "லாரி, கொஞ்சம் நவுரு". பெயரைச் சொன்னால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் சாதி தெரியும், சாதி தெரிந்தால் தேநீர்க் குவளை இரண்டாகும். குவளை ஒன்றாக இருப்பதற்காகப் பெயர்களை மேலே விட்டுவிட்டு வந்தார்கள்.

பிறகு ஒரு பெண் எழுந்தாள். "அக்கா, உடு" என்றார்கள். நாற்பது வயதிருக்கும். ரவிக்கைக் கை மேலேற, இடது உள்ளங்கையைக் காதோரம் குவித்து வைத்துக்கொண்டு பாடினாள்.

எல்லக்கல்லு நட்டாங்கோ, எருமைக்கின்னா தெரியும்?
அந்தாண்ட புல்லு மேயும், இந்தாண்ட பாலு சொரியும்.

அடுத்த அடி தெலுங்கில் போனது. அதற்கடுத்தது திரும்பவும் தமிழில் வந்தது. மூன்று நாள் நான் ஊர் ஊராக அலைந்து எழுத முயன்றதை அவள் நான்கு அடியில் முடித்துவிட்டாள். உயர்த்திய கையில், முழங்கைக்குக் கீழே, வெந்து ஆறிய பெரிய தழும்பு ஒன்று இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது தனியாக மினுங்கியது.

பாடி முடித்து என் அருகில் வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பேப்பராமே நீங்க?"

"ஆமாம்."

"இத்த எழுதிக்கினு கிழுதிக்கினு பூடாதீங்க சார். நான் திருவள்ளூர்ல பொம்பளப் புள்ளைங்க ஆஸ்டல்ல சமைக்கிறேன். சனிக்கெயமதான் தம்பி ஊட்டுக்கு வருவேன். ஆம்பளைங்களோட குந்திக்கினு பாடுறன்னு தெரிஞ்சா, கரண்டிய புடுங்கி வெச்சிக்கினு வெளிய போன்னுருவாங்கோ. படுக்கற எடமும் அதுதான், துன்ற எடமும் அதுதான். இந்தக் கைய வெச்சிக்கினு வேற எங்க போவேன்?"

"உங்கள் பெயரைப் போட மாட்டேன்" என்றேன்.

"பேரு உனுக்கு எங்க தெரியும்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் 'நீங்க' 'நீ' ஆகிவிட்டதைக் கவனித்தேன். எனக்கு அது பெருமையாக இருந்தது.

எல்லைத் தகராறு பற்றிய என் கட்டுரையை ஆசிரியர் குழு கால் பத்தியாக வெட்டியது. தொட்டியைப் பற்றி வாய்மொழியாகச் சொன்னபோது அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஞாயிறு இணைப்புக்கு எழுதித் தா என்றார்கள். எழுத மாட்டேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பெயர் போட மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். இந்த வித்தியாசத்தை பஸ்ஸில் போகும்போது எனக்கு நானே இரண்டு தடவை விளக்கிக்கொண்டேன்.

ஊர்ப் பெயரைப் போடவில்லை. மில்லைச் சொல்லவில்லை. கோயிலைச் சொல்லவில்லை. ஆனால் பத்திரிகையில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், அடையாளம் இல்லாத ஆளை வாசகன் நம்ப மாட்டான் என்பது. பெயர் இருந்தால் பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். அதையும் மாற்றிப் போட்டிருப்பேன். பெயர் இல்லாத இடத்தில் என்ன போடுவது? தழும்பைப் போட்டேன். எந்தக் கை, எவ்வளவு நீளம், என்ன நிறம், என்ன வடிவம் என்று போட்டேன். பகலில் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிறவள் என்று ஒரு வரியும் எழுதினேன். அந்த வரி இரக்கத்துக்காக எழுதியது.

இப்போது இங்கே சொல்லியிருக்கும் கையும் வேறு, ஆஸ்டல் இருந்த ஊரும் வேறு. இப்படி மாற்றிப் போடக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு வருஷமும், இனிச் சொல்லப்போகும் சம்பவமும் தேவைப்பட்டன.

கட்டுரைக்கு நல்ல பேர் கிடைத்தது. நாட்டுப்புறக் கலையின் ஜீவன் என்று ஒரு பெரியவர் கடிதம் எழுதினார். வெட்டி எடுத்துத் தடித்த நோட்டில் ஒட்டிவைத்தேன்.

பத்து நாள் கழித்து ரஹீம் பாய் எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றார். ஆர்மோனியம் இல்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மில்லு ஓனரு பேப்பர பாத்து மோப்பம் புடிச்சி வந்து தொட்டி நெறைய உமிய கொட்டிட்டாரு" என்றார். "அது போவட்டும். வேற குழி தோண்டிக்கலாம். அந்தப் பொம்பள கதிதான் மோசம். ஆஸ்டல் செக்ரட்டரி உங்க பேப்பர வெட்டி மேசைல வெச்சிக்கினு கூப்ட்டு கேட்டாராம். நான் இல்லன்னு சாதிச்சுட்டா. அவரும் ஞாயஸ்தன்தான். எழுதுனவரு வந்து இவ இல்லன்னு சொன்னா உட்டுடறேன்னு சொல்லிக்கிறாரு. ஒரு வார்த்த சார். இவ இல்ல. அவ்ளதான். வர்றீங்களா?"

"வருகிறேன்."

"பொய்யி சொல்லணும். சொல்லுவீங்களா?"

"சொல்கிறேன்" என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திருவள்ளூருக்கு ரயிலில் போனேன். வழி முழுவதும் அந்த வார்த்தையைப் பழகிக்கொண்டு போனேன். 'இல்லை' என்று மட்டும் சொன்னால் போதுமா, 'இல்லவே இல்லை' என்றால் சந்தேகம் வருமா, லேசாகச் சிரிக்கலாமா? பக்கத்தில் திருப்பாச்சூர் போகும் குடும்பம் ஒன்று பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை தின்றுகொண்டிருந்தது. எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்கள். "ஐயா இன்னாத்த முணுமுணுக்கிறாரு, மந்திரமா?" என்று அந்த அம்மாள் கணவரிடம் கேட்டது காதில் விழுந்தது. ஸ்டேஷனில் பிடித்த ஜட்காவின் குதிரை, வழியில் இருந்த ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டியிலும் நின்றது. "அதுக்கு தாகம் இல்ல சார், பழக்கம்" என்றார் ஜட்காக்காரர்.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். கொடியில் வரிசையாகப் பாவாடைகள் காய்ந்தன. காரியதரிசி மெலிந்த மனிதர், கதர் சட்டை, தடித்த கண்ணாடி. மேசையில் என் கட்டுரை இருந்தது. தழும்பு பற்றிய வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. "பாட்டு பாடறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நூறு பொண்ணுங்கள நம்பி உட்டிருக்காங்க. சமையக்காரம்மா ராத்திரி ஆம்பளைங்க நடுவுல பாடுதுன்னு பேப்பர்ல வந்துட்டா, நாளைக்கு ஒவ்வொரு அப்பனும் வந்து பெட்டிய தூக்கிடுவான். அதுவும் ஏழைப் பொண்ணுங்க. திரும்பப் படிக்க வராது. நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க."

அவர் கட்டுரையை என் பக்கம் தள்ளினார். 

"இந்தம்மா, அது நான் இல்லன்னு சொல்லுது. நீங்க சொன்னா எனக்குப் போதும்" என்றவர், உள்பக்கம் திரும்பி, "பாக்கியம்! சாருக்குத் தண்ணி" என்றார்.

அவள் பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். இங்கே எழுதியிருப்பது அந்தப் பெயர் அல்ல.

அவள் வந்தாள். வலது கையில் செம்பு. இடது தோளிலிருந்து முந்தானையை இழுத்து மணிக்கட்டு வரை போர்த்தியிருந்தாள். துணிக்கு வெளியே ஐந்து விரல்கள் மட்டுமே தெரிந்தன. தலை குனிந்திருந்தது. யாரென்று சொல்ல முடியாத, எந்தச் சமையலறையிலும் இருக்கக்கூடிய ஒரு பெண்.

"இவங்களா?" என்றார் காரியதரிசி.

"இல்லை. இவரை நான் பார்த்ததே இல்லை" என்றேன். குரல் சரியாக வந்தது. சிரிக்கவில்லை. பழகியது வீண்போகவில்லை.

காரியதரிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"சார், புதுசா ஒரு ஆளு உள்ள வந்தா யாரும் மொகத்ததான் மொதல்ல பாப்பாங்க. நீங்க இந்தம்மா முந்தானைய பாத்தீங்க. முழங்கைக்குக் கீழ. துணியால மூடியிருக்கிற எடத்த. மொகத்த இன்னும் நீங்க பாக்கவே இல்ல."

உண்மை. அவர் சொன்ன பிறகுதான் நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பதினைந்து வருஷம் பார்க்கப் பழக்கிய கண். எது முக்கியமோ அங்கே தானாகப் போய் நிற்கும். வாய்க்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருந்தேன். கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. செம்பை மேசையில் வைத்தாள்.

"நான் போயி ஒலைய பாக்குறேங்க ஐயா. கொதிக்கிது" என்றாள்.

"பாரு. இன்னிக்கு சமையல முடிச்சுக் குடுத்துடு பாக்கியம். நாளைலேர்ந்து நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

"சரிங்க ஐயா."

நான் என்னென்னவோ சொன்னேன். தவறு என்னுடையது, மறுப்பு வெளியிடுகிறேன், அப்படி ஒரு பெண்ணே இல்லை, முழுக்கக் கற்பனை என்று என் பெயரிலேயே எழுதித் தருகிறேன் என்றேன். காரியதரிசி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத நேத்து போட்டுட்டு வந்திருந்தீங்கன்னா?" என்றார். அதை நேற்றே செய்ய முடியும் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கற்பனை எழுதுகிறவன் என்று பெயர் வாங்க மனம் வராமல்தான் ரயில் ஏறி வந்திருந்தேன்.

கிளம்ப எழுந்தேன். "வெயில்ல இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. சாப்ட்டுப் போங்க" என்றார். வேண்டாம் என்று சொல்வது அவரை அவமதிப்பதாக இருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. கூடத்தில் இரண்டு இலை போட்டிருந்தது.

அவள்தான் பரிமாறினாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். முந்தானையை இப்போது இடுப்பில் செருகியிருந்தாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை. காரியதரிசி வேகமாகச் சாப்பிட்டு, கை கழுவப் பின்கட்டுக்குப் போனார்.

"எங்கே போவீர்கள்?" என்று இலையைப் பார்த்தபடி கேட்டேன்.

"தம்பி பொண்டாட்டி ரெண்டு நாளு வெச்சிக்குவா. அப்பால நெல்லு அவிக்கிற மில்லுக்குதான். ஒரு கையிதான சார் வெந்துகீது, இன்னொண்ணு கீதே" என்றாள்.

குழம்பைச் சோற்றில் பிசைந்தேன்.

"வார்டனம்மா முழுசா படிச்சுக் காட்டுனாங்கோ" என்றாள். "நான் பாடுனத நீங்க எழுதிக்கிறத கேட்டா, எனுக்கே புல்லரிச்சிப் போச்சி. நல்லாத்தான் எழுதிக்கிறீங்க."

பிறகு கரண்டியை ரசத்தில் விட்டுக் கலக்கிக்கொண்டு நின்றாள்.

"ஊத்தட்டா சார்?"

எனக்குப் பசி தீரவில்லை. "ஊத்துங்க" என்று சோற்றில் குழி செய்துகொண்டேன்.